காய்வதற்கு எத்தனை நாள்

அறந்தாங்கி
06.10.2024

அன்புத் தம்பி ஆத்மநாதனுக்கு,

அக்கா சொர்ணம் எழுதுகிறேன். நானும் ரஞ்சிதாவும் சுகமாக இருக்கிறோம். ஷார்ஜாவில் உன் மச்சானும் சுகம். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? கை நடுக்கம் குறைந்ததா? ஆறு மாதம் முடியும்வரை போன் கிடையாது, கடிதம் எழுதலாம் என்று மறுவாழ்வு இல்லத்திலிருந்து செபமாலை சார் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ரஞ்சிதாவின் நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுத வேண்டாம். ஆனால் நீ பெயிண்ட் அடித்த கதவுகள் அப்படியே நிற்கின்றன. மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவல்லி சாய்ந்த இடத்தில் பெயிண்ட் பால் ஏடு மாதிரி உரிந்து, அந்த அம்மாவின் பட்டுப்புடவையோடு போனதே, அந்த இடத்தில் இன்னும் ஒரு ஆள் நிற்பது மாதிரியே இருக்கிறது. மற்ற கதவு, ஜன்னல்களிலும் நகம் பட்டால் உரிகிறது.

கல்யாணத்துக்கு முன் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும். ஆயில் பெயிண்ட் அடிக்கச் சொல்வதா, வாட்டர் பேஸா? கடைக்காரன் இரண்டுமே நல்லது என்கிறான். வேறு பெயிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சொர்ணம்

*

திருச்சி
17.10.2024

அக்காவுக்கு,

தம்பி ஆத்மநாதன் வணக்கம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கை நடுக்கம் குறைந்துவிட்டது, இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். காலையில் கஞ்சி, பிறகு தோட்ட வேலை, மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். எனக்குப் பேச வரவில்லை. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அன்றைக்கு நடந்ததை எழுத வேண்டாம் என்கிறாய், சரி. கதவில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உன் வீட்டுக் கதவுகளில் பழைய பெயிண்ட் ஆயில் பெயிண்ட் என்று நினைக்கிறேன். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொல்லாமல் மேலே வாட்டர் பேஸ் அடித்தால் பிடிக்காது, உரிந்துதான் போகும். இருபது வருசமாக இந்த வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும். பெயிண்டின் மேல் தப்பில்லை.

பழையது எந்த வகை என்று உறுதியாகத் தெரிய, உரிந்த இடத்தில் அடியில் இருக்கும் பெயிண்டை ரஞ்சிதாவின் நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரால் பஞ்சு வைத்துத் தேய்த்துப் பார். பஞ்சில் நிறம் வந்தால் வாட்டர் பேஸ். வராவிட்டால் ஆயில்.

கல்யாணத் தேதி குறித்தாயிற்றா? தேதி தெரிந்தால் எந்தப் பெயிண்ட் என்று சொல்வது எளிது.

தம்பி
ஆத்மநாதன்

*

அறந்தாங்கி
28.10.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மூன்று நாளாக மழை. உனக்குச் சளி பிடித்துக்கொள்ளாமல் தலையைத் துவட்டிக்கொள். தீபாவளிக்கு வேட்டி, சட்டை இரண்டும் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பலகாரம் அனுப்பலாமா என்று கேட்டேன், எல்லாருக்கும் போதுமான அளவு இருந்தால் அனுப்பலாம் என்றார்கள். முறுக்கு வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடி தேய்த்துப் பார்த்தேன். பஞ்சில் ஒன்றும் வரவில்லை. ஆகவே ஆயில்தான்.

இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஆயில் பெயிண்ட் முழுக்கக் காய்வதற்கு எத்தனை நாள் ஆகும்? வாட்டர் பேஸ் எத்தனை நாள்? எதில் வாடை குறைவு? வீட்டில் ஆள் இருக்கும்போதே, கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கலாமா? வாடை தெருவுக்குப் போகக் கூடாது.

அக்கா சொர்ணம்

*

திருச்சி
08.11.2024

அக்காவுக்கு வணக்கம்.

சட்டை சரியாக இருக்கிறது. முறுக்கை முப்பத்திரண்டு பேரும் சாப்பிட்டோம். போன வருசத் தீபாவளி எனக்கு ஞாபகம் இல்லை. இந்த வருசத் தீபாவளி முழுவதும் ஞாபகம் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் பிடிபடவில்லை. உனக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

ஆயில் பெயிண்ட் தொட்டால் ஒட்டாமல் காய எட்டு, பத்து மணி நேரம் ஆகும். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு நாள் விட வேண்டும். உள்ளுக்குள் இறுகி, இடி தாங்குகிற மாதிரி ஆக ஒரு வாரத்துக்கு மேல். மழை நாளில் இன்னும் கூடும். வாடை நாலைந்து நாள் நிற்கும், கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கவே கூடாது, தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். வெள்ளை அடித்தால் இரண்டு வருசத்தில் மஞ்சளாகிவிடும். ஆனால் பளபளப்பும் வழவழப்பும் அதில்தான். பிரஷ் தடம் தானாக அடங்கிவிடும்.

வாட்டர் பேஸ் அரை மணியில் காயும். நாலு மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம். வாடை இல்லை, பிரஷைத் தண்ணீரில் கழுவிவிடலாம், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். ஆனால் அடிப்பவன் சோம்பேறியாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் தேய்ப்பு சரியாக இருக்க வேண்டும், அடித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவக் கூடாது.

என்னைக் கேட்டால், மாசியிலோ பங்குனியிலோ கல்யாணம் என்றால் ஆயில் அடி. நாள் இருக்கிறது. மார்ச் 3 எனக்கு இங்கே முடிகிறது. பங்குனி என்றால் வேறு ஆள் வேண்டாம், நானே வந்து அடித்துத் தருகிறேன். கூடவே நீ நின்று பார்த்துக்கொள்.

தேதி எழுதவில்லையே?

ஆத்மநாதன்

*

அறந்தாங்கி
30.11.2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இரு. கடிதம் எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

வாட்டர் பேஸே அடிப்பது என்று வைத்திருக்கிறேன். நாள் அவ்வளவாக இல்லை.

உப்புத்தாளில் எத்தனையாம் நம்பர்? எவ்வளவு தேய்த்தால் போதும் என்று எப்படித் தெரியும்? பெயிண்டருக்குக் கை வீங்கிப்போயிருக்கிறது. தேய்ப்பதில் ஏதாவது முறை இருக்கிறதா?

சொர்ணம்

*

திருச்சி
09.12.2024

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நேற்று எனக்குத் தொண்ணூற்றேழாம் நாள்.

முதலில் தேய்ப்பு. உப்புத்தாளை வெறும் கையில் பிடிக்கக் கூடாது. தீப்பெட்டிக் கட்டு அளவுக்கு ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்தால் விரல் தப்பிக்கும். உரிகிறதை முதலில் தகட்டால் சுரண்டிவிட வேண்டும். பிறகு நூற்றிருபது நம்பர், அதற்கு மேல் இருநூற்றிருபது. மரத்தின் ரேகை போகும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கேயும் மினுமினுப்பு இருக்கக் கூடாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்க வேண்டும். அதுதான் அளவு. அப்புறம் சலவை சோடாத் தண்ணீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் காயவிட வேண்டும். பிரைமர் ஒரு கோட். பெயிண்ட் இரண்டு கோட். காய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் கதவை நிலையோடு சேர்த்துச் சாத்தக் கூடாது. ஒட்டிக்கொள்ளும்.

இனி மற்றது. நாள் இல்லை, வாடை வெளியே போகக் கூடாது, சீக்கிரம் காய வேண்டும் என்கிறாய். மார்கழியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அப்படியென்றால் தை. நான் வெளியே வருவது மாசியில். நான் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன், நீ எழுதச் சிரமப்பட வேண்டாம்.

இன்னொன்று. உன் கடிதத்தின் ஓரத்தில் வெள்ளையாகக் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. சுரண்டியபோது உதிர்ந்த தூசி. வேறு பெயிண்டர் யாரும் வரவில்லை என்று தெரிகிறது. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பிரஷ் பிடிக்கிற எல்லாருக்கும் என்னைத் தெரியும். யார் வந்தாலும் ஆத்மா எங்கே என்று கேட்பார்கள். அதனால்தான் கூப்பிடவில்லை, இல்லையா? மூட்டு வலியோடு ஸ்டூல் மேல் ஏறாதே. மேல் பக்கத்தை ரஞ்சிதாவைத் தேய்க்கச் சொல்.

தம்பி

*

அறந்தாங்கி
29.12.2024

அன்புத் தம்பி ஆத்மநாதனுக்கு,

இதை எழுத உட்கார்ந்து பதினைந்து நாள் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் நலம் விசாரித்து முடித்ததும் பேனாவை வைத்துவிடுவேன். இந்தத் தடவை நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணம் பிப்ரவரி 2, ஞாயிறு. தை இருபது. நீ இல்லத்துக்குப் போன வாரமே குறித்தாயிற்று. பங்குனியில் வைக்கலாமா என்று அவர்கள்தான் முதலில் கேட்டார்கள். தையிலேயே இருக்கட்டும் என்று சொன்னது நான். தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள். ஷார்ஜாவில் இவர் கம்பெனியிலேயே இருக்கிறான், லீவு கிடைக்காது என்றேன். உன் மச்சானையும் அப்படியே சொல்ல வைத்தேன்.

அது மட்டும் என்றால் இத்தனை நாள் ஆகியிருக்காது. நிச்சயத்தன்றைக்குச் சாயங்காலம் நீ பின்கட்டில் சுவரோரம் படுத்துக் கிடந்தாய். பெயிண்ட் வாளி கவிழ்ந்து உன் வேட்டியெல்லாம் வெள்ளை. அமிர்தவல்லி அம்மா புடவையைக் கழுவ அந்தப் பக்கம் வந்தார்கள். உன்னைப் பார்த்துவிட்டு, “இவரு யாருங்க?” என்று கேட்டார்கள்.

நான், “பெயிண்ட் அடிக்க வந்த ஆளுங்க. குடிச்சுட்டுக் கெடக்குறான். எழுப்பி அனுப்பிர்றேன்” என்றேன்.

இதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நீயாகவே இல்லத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது, நல்லவேளை, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது தினமும் மத்தியானம் வாசலைத் தாழிட்டுவிட்டு உன் பெயிண்டைச் சுரண்டுகிறேன். ஒரு கதவுக்கு நாலு நாள் ஆகிறது. சுரண்டும்போது வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா

*

திருச்சி
05.01.2025

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது.

நான் அன்றைக்குத் தூங்கவில்லை. நீ சொன்னது கேட்டது. கண்ணைத் திறந்தால் அந்த அம்மாவுக்கு நம் இரண்டு பேர் முகச்சாடை தெரிந்துவிடும் என்று மூடிக்கொண்டே கிடந்தேன். நீ சொன்னது நிற்க வேண்டும் என்று நினைத்தேன். உனக்காக நான் அன்றைக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போனபிறகும் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். தேய்ப்புக்கு மூன்று நாள் கேட்டேன், நீ கொடுத்தாய். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் முன்னால் கதவு புதுசாக இருக்க வேண்டும் என்று என்னை நம்பினாய். அந்த மூன்று நாளும் நான் கதவைத் தொடவே இல்லை. மதுக்கடையில் இருந்தேன். தின்னர் வாடைக்கு ஒரு கிளாஸ் போட்டால்தான் வேலை ஓடும் என்று இருபது வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் வீட்டில் அடித்தது வாட்டர் பேஸ். அதில் தின்னரே கிடையாது. கடைசி நாள் காலையில் வந்து, இது புது மாடல் பெயிண்ட், தேய்க்க வேண்டியதில்லை என்று உன்னிடம் சொல்லி அடித்துவிட்டுப் போனேன். நீ அதையும் நம்பினாய். உன் மகள் நிச்சயத்தில் நீ தலை குனிந்து நின்றது என்னால்.

ஆகவே ஷார்ஜா என்றே இருக்கட்டும். நான் தப்பாக நினைக்க மாட்டேன். பிள்ளை கல்யாணம் நல்லபடியாக முடிய வேண்டும்.

தம்பி
ஆத்மநாதன்

*

அறந்தாங்கி
19.01.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் கழிந்தது. ரஞ்சிதாவும் நானும் சுகம். உன் மச்சான் லீவில் வந்துவிட்டார். கதவு நாலும் முடிந்துவிட்டன, ஜன்னல் இரண்டு பாக்கி.

உன் கடிதம் கண்ட பிறகு ஷார்ஜா என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி மாப்பிள்ளை ஊரான குளத்தூருக்குப் போனேன். உன் மச்சானிடம் சொன்னால் தடுப்பார் என்று சொல்லவில்லை. அமிர்தவல்லி அம்மா நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு முறம் கொடுத்தார்கள். உடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் என் முறத்துப் பருப்பையும் தன் முறத்தில் கொட்டிக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: “குடிக்கிற ஆம்பளை எங்க வீட்டுலயும் இருந்தாங்க. அது ஒண்ணும் எனக்குப் புதுசில்லீங்க. கூடப் பொறந்தவன ஆளுன்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் நான் யோசிக்கணும்.”

நான் எழுந்துவிட்டேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். வாசல்வரை வந்து, “மண்டபம் சொல்லியாச்சு, தேதிய மாத்த முடியாது. அவர கூட்டிட்டு வந்துருங்க. மாமன் இல்லாம எம் புள்ளைக்குக் கல்யாணம் நடக்க வேணாம்” என்றார்கள். குரலில் கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை.

செபமாலை சாரிடம் பேசினேன். ஒரு நாள் அனுமதி தருவார்களாம், கூட ஒரு ஆள் வருவாராம். வந்துவிடு தம்பி.

அக்கா

*

திருச்சி
24.01.2025

அக்காவுக்கு வணக்கம். மச்சானுக்கும் ரஞ்சிதாவுக்கும் சொல்.

குளத்தூருக்கு நீ தனியாகப் போனதைப் படித்துவிட்டு என்னால் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தோட்டத்தில் நின்றேன்.

நான் வரவில்லை. கோபம் என்று நினைக்காதே. மண்டபத்துக்குப் பின்னால், சமையல்கட்டு ஓரம், யார் யார் நிற்பார்கள், கையில் என்ன வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பொண்ணுக்கு மாமன் ஒரு கிளாஸ் போடாமலா என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மாட்டேன் என்று சொல்ல இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை. நூற்றுநாற்பது நாள் என்பது அரை மணியில் காய்ந்த பெயிண்ட் மாதிரி. தொட்டால் ஒட்டாது, இடித்தால் போய்விடும். ரஞ்சிதா கல்யாணத்தில் இரண்டாவது தடவை அப்படிக் கிடக்க மாட்டேன்.

யாராவது மாமன் எங்கே என்று கேட்டால் இருக்கிற இடத்தைச் சொல். அது போதும் எனக்கு.

தாய்மாமன் போட வேண்டிய மாலையை மச்சானின் தம்பி போடட்டும். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

ஆத்மநாதன்

*

திருச்சி
10.02.2025

அக்காவுக்கு,

நான் நலம். நேற்று ரஞ்சிதாவும் மாப்பிள்ளை பிரவீன்குமாரும் வந்தார்கள். உனக்குத் தெரியும், நீதான் கூட்டி வந்தாய்.

பிள்ளை கல்யாணக் களை மாறாமல் இருந்தது. ஒரு மாலையைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, இப்போ போடுங்க மாமா என்று தலையைக் குனிந்தது. வாடிப்போன மாலைதான். பார்வையாளர் அறையில் எல்லார் முன்னாலும் போட்டேன். அமிர்தவல்லி அம்மாவும் வந்திருந்தார்கள். என்னை நேராகப் பார்த்து, “சாப்பாடெல்லாம் ஒத்துக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார்கள். புடவையைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அது கெடக்கு என்று கையை ஆட்டிவிட்டார்கள்.

கல்யாணத்தில் நடந்ததை ரஞ்சிதா சொன்னது. மேடையில் வைத்து, தாய்மாமன் வாங்க என்று கூப்பிட்டார்களாம். கூட்டம் முழுக்க உன்னைப் பார்த்ததாம். நீ குனிந்து தாம்பாளத்தில் பூவை அடுக்கினாயாம். கடைசியில் அமிர்தவல்லி அம்மாதான் எழுந்து, “திருச்சில வைத்தியத்துல இருக்காரு, அடுத்த வாரம் நாங்களே போய்ப் பாக்குறோம்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்களாம்.

நேற்று அவர்கள் மூன்று பேர் உள்ளே வந்தபோது நீ எங்கே என்று கேட்டேன். அம்மாவுக்குத் தலைவலி, வேனிலேயே இருக்காங்க என்றது பிள்ளை. அதற்கு உன்னைப் போலப் பொய் சொல்ல வரவில்லை.

அறை ஜன்னலிலிருந்து வேன் தெரிந்தது. நீ கண்ணாடியை ஏற்றிவிட்டு இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாய். ஒரு மணி நேரம். நான் நாலு எட்டு வைத்து வந்திருக்கலாம். பார்வையாளர் நேரத்தில் கேட்வரை வர எங்களுக்கு அனுமதி உண்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, எனக்கும் கால் வரவில்லை. நீ வெட்கப்பட்டாய் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு பேரும்தான்.

வேன் திரும்பும்போது நீ ஒரு தடவை பார்த்தாய். நான் கையைத் தூக்குவதற்குள் மரம் மறைத்துவிட்டது.

ஞாயிறு தோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அவர்களோடு வர வேண்டாம். வந்து எதுவும் பேச வேண்டாம்.

தம்பி

*

அறந்தாங்கி
13.02.2025

ஆத்மா,

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வாரேன். தனியாகத்தான் வாரேன். கேட்டில் பெயர் எழுதச் சொல்வார்களாம், யாரைப் பார்க்க வந்தீங்க, என்ன உறவு என்று கேட்பார்களாம். அந்த இடத்தில் நான் எழுதி முடிக்கும்வரை நீ வெளியே வராதே.